அக்கா கல்யாணப் படங்களும் அழையா விருந்தாளியும்

ஆம்பூர் நண்பர்களே, ஓர் உலக முக்கியச் செய்தி. அக்கா கல்யாணப் படங்கள் அறுநூற்றுக்கும் நான் ஒருவனே பெயரும் குறிப்பும் எழுதி, இன்று காலை இந்த இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். கண் பூத்துப்போனது.

பிரியாணிப் பந்தியில் நாற்பது படங்களில் ஒரே மனிதர் இருந்தார். யாரென்று தெரியவில்லை. நாற்பதுக்கும் மொத்தமாக, “அழைக்காமல் வந்தவர், மூன்றாவது பந்தி” என்று போட்டேன்.

மதியம் திருப்பத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

“டேய், அவரு எங்க வீட்டுக்காரரோட சித்தப்பாடா! சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து படம் பாக்கப் போறாங்க. நான் இந்த வீட்ல இருக்கணுமா, வேணாமா?”

“இன்னாக்கா, கம்ப்யூட்டர்ல நான் புலி. ரெண்டே நிமிஷம்.”

இப்போது மணி ஐந்து. ஒவ்வொன்றாகத் திறந்து பதினேழு படம் மாற்றியிருக்கிறேன். மொத்தமாக எழுதத் தெரிந்த புலிக்கு மொத்தமாக அழிக்கத் தெரியவில்லை.

தெரிந்த தோஸ்துகள் சீக்கிரம் சொல்லுங்கள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம்.