காசிம் சாயபு போட்ட கோணல் கோடு

காசிம் சாயபு காலமான செய்தி ஒரே முற்பகலில் இருமுறை என்னை வந்தடைந்தது. முதலில் பூந்தமல்லியிலிருந்து அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்து சொன்னார். பிறகு சர்க்கார் தபாலில் சுகாதார இலாகாவின் இரங்கல் குறிப்பு வந்தது. “மேலதிகாரிகளின் உத்தரவுகளுக்கு என்றும் கீழ்ப்படிந்த ஊழியர்” என்றது அது. முதல் செய்தி உண்மை. இரண்டாவது பொய். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட எனக்கு விருப்பமில்லை.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் அம்மை குத்துபவர். நான் பட்டணத்தில், அம்மை குத்தும் மருந்தான அம்மைப்பாலைத் தயாரிக்கும் கூடத்தில் வேலையில் இருந்தேன். அம்மைப்பால் அடைத்த குழாய்களை வாங்கிக்கொள்ள அவர் வாரந்தோறும் வருவார். தகரப் பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய பானை, பானைக்குள் குழாய்கள். வெயிலில் பெட்டியைத் தம் நிழல் பக்கமாகவே மாற்றி மாற்றிப் பிடித்து நடப்பவர் அவர்.

ஒருமுறை அவருடன் செம்பரம்பாக்கம் போனேன். குத்திய எட்டாம் நாள் கையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கொப்புளம் எழாவிட்டால் மறுபடி குத்துவார்கள் என்று அஞ்சிய தாய்மார், கையில் நன்றாகக் கொப்புளம் எழுந்த ஒரு குழந்தையை வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வீட்டில் சாயபு அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

“ஏம்மா, இப்பத்தான் எதிர் ஊட்ல இத பார்த்தேன். எத்தினி அம்மா இந்தப் பொண்ணுக்கு?”

“இன்னா சாயபு, எங்க புள்ளைங்க எல்லாம் ஒரே சாடை.”

“சரி, குடு. அடுத்த ஊட்டுக்கு நானே தூக்கிகினு போறேன். நீ எதுக்கு வெயில்ல அலையணும்?”

தெருவே சிரித்தது. ஒளித்து வைத்திருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

விதியில் இல்லாத ஒரு வழக்கம் அவருக்கு இருந்தது. மூன்றாம் நாளும் போய்ப் பார்ப்பார். சிறுவயதில் குத்திக்கொண்ட பெரியவர்களுக்கு மறுபடி குத்தினால், மூன்றாம் நாளுக்குள் அந்த இடம் சிவந்து தடித்து, எட்டாம் நாளுக்குள் அடங்கிவிடுவதை அவர் கண்டார். எட்டாம் நாள் மட்டும் பார்த்தவர்கள் “பலிக்கவில்லை” என்று எழுதினார்கள். சாயபு அப்படி எழுதவில்லை. தகரப் பெட்டியின் விளிம்பை வைத்துக் குறிப்பேட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, தாமாகவே புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்: “மூன்றாம் நாள் சிவப்பு. உடம்புக்கு முந்தைய குத்து நினைவிருக்கிறது.”

சீமையில் படித்துத் திரும்பிய சுகாதார அதிகாரி அதைக் கண்டு சீறினார். அம்மைப்பாலை வெயிலில் கெடுத்துவிட்டு இவர் கதை எழுதுகிறார் என்பது அவருடைய தீர்ப்பு. பத்தியை அடிக்க வேண்டும். இல்லையேல் ஒரு மாதத்தில் வேலை போகும்.

சாயபு என்னிடம் வந்தார். “ஐயா, பால் கெட்டுப்போச்சுன்றாங்க. கெடலன்னு எப்படிக் காட்றது?” என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார்: “ஒரே குழாய். தாய்க்கும் குத்தணும், இதுவரைக்கும் குத்தாத கொழந்தைக்கும் குத்தணும்.”

மண்ணூர்பேட்டையில் பொன்னம்மாள் என்ற பெண் பழைய தழும்பைக் காட்டினாள். “அண்ணாத்தே, எனக்குத்தான் சின்னதுலயே குத்திட்டாங்களே?”

“அதுக்குத்தாம்மா உன்கிட்ட வந்தேன். மறுபடி குத்தினா உன் கை இன்னா பண்ணுதுன்னு பாக்கணும். இஷ்டம் இல்லன்னா சொல்லிடு.”

“குத்து. ஆனா வலிச்சா ஊட்டு வேலைய நீதான் வந்து செய்யணும்.”

மூன்றாம் நாள் அவள் கை சிவந்தது. எட்டாம் நாள் அடங்கியிருந்தது. அதே எட்டாம் நாள், அதே குழாயிலிருந்து குத்திய அவள் குழந்தையின் கையில் கொப்புளம் முத்துப்போல் நின்றது. பால் கெடவில்லை. அத்தெருவின் மற்றத் தாய்மாரும் கை நீட்டினார்கள். எல்லா வீட்டிலும் அதுவே நடந்தது. மாதம் முடியுமுன் குறிப்பேட்டை நானே அதிகாரியின் மேசையில் வைத்தேன். சாயபுவின் வேலை தப்பியது.

மறுவருடம் மூன்றாம் நாள் சிவப்பைப் பற்றி இலாகாவின் அறிக்கை அச்சாயிற்று. அதைக் கண்டறிந்தவராக அதிகாரியின் பெயர் மட்டும் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். சாயபு ஒன்றே கேட்டார்.

“பெரியவங்களுக்குப் ‘பலிக்கல’ன்னு போடறத எடுத்துட்டாங்களா ஐயா?”

“எடுத்துவிட்டார்கள்.”

“அப்போ சரி. உக்காருங்க, பிரியாணி ஆறிப்போவுது.”

அவர் நிறைவாகவே சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. அந்த நிறைவு அவருக்கு உரியது. அவர் பெயரை விட்டவர்கள் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கீழ்ப்படிந்திருந்தால் அந்தப் பத்தியே இருந்திருக்காது. இரங்கல் குறிப்பில் “கீழ்ப்படிந்த” என்ற சொல்லை அடித்து, “கீழ்ப்படிய மறுத்த” என்று எழுதி, என் கையொப்பத்துடன் மறுதபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடக்கத்தன்று பொன்னம்மாள் தன் மகளுடன் வாசலில் நின்றிருந்தாள். மகள் இப்போது தாயைவிட உயரம். இருவர் கையிலும் தழும்பு இருந்தது.

இலாகாவின் படிவத்தில் மூன்றாம் நாளுக்கான பத்தி இன்று அச்சிலேயே வருகிறது. கோடு நேராக இருக்கிறது. அதிகாரியிடமிருந்து திரும்பி வந்து என் மேசையில் இருக்கும் சாயபுவின் குறிப்பேட்டில் அது சற்றுக் கோணல். ஆடும் மாட்டுவண்டியில் அமர்ந்து போட்ட கோடு. மூலம் இதுதான்.

போய் வாருங்கள், சாயபு. உங்கள் பத்தியை எவரும் அடிக்கவில்லை.