உள்பிடி இல்லாத கதவு

ஆயர் குரோவில் பழைய கார்கள் கூடும் திடலில் என் மகள் காரை நிறுத்தியபோது, விளக்கெண்ணெய் கருகும் வாடை அடித்தது. பந்தய எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயின் வாடை அது.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊரான ரெம்பியாவில், இன்று பெட்ரோல் நிலையம் இருக்கும் இடத்தில், எங்கள் தகரக் கொட்டகை இருந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, இங்கிலாந்தில் கார்களுக்கு வேகம் கூட்டித் தரும் பட்டறை ஒன்றின் கையேட்டைத் தபாலில் தருவித்து, அதன்படியே எங்கள் குட்டிக் காரின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பின்சீட்டு போயிற்று, கண்ணாடிகள் போய், திறக்கவே முடியாத பிளாஸ்டிக் தகடுகள் வந்தன, கடைசியில் கதவின் உள்பக்கப் பிடிகளும் போயின. ஞாயிறுதோறும் என்னை உள்ளே உட்காரவைத்து, "ஆக்சிலரேட்டர ஒரே அளவா மிதிச்சிக்கிட்டு இரும்மா, கால் ஆடக்கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் செருகி, மறுநுனியை இரண்டு கார்புரேட்டர்களிடமும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய், இரண்டும் ஒன்றுபோல் மூச்சு இழுக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குக் கால் மரத்துப்போகும், வியர்வை கண்ணில் இறங்கும். தகட்டைத் தட்டினால், தூக்கி வைத்த பானட்டுக்கு மேலே அவருடைய ஒரு விரல் மட்டும் உயரும். இன்னும் கொஞ்ச நேரம் என்று அதற்குப் பொருள்.

அந்தக் கார் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

"ம்மா, இறங்கலியா? லாக் போடல லா," என்றாள் வெளியே நின்ற மகள்.

குனிந்து பார்த்தேன். மிதிகட்டையே இல்லாத என் பக்கத்தில், வலது கால் ஒரே அளவாக அழுந்தியிருந்தது.