கட்சி மாறியவரோடு கிரெய்கிபர்னுக்கு

ஜூலை பள்ளி விடுமுறையில் நண்பனைப் பார்க்க சிட்னி பக்கத்துப் பிளாக்டவுனிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் கிளம்பினேன். ஏறத்தாழ 880 கிலோமீட்டர், சாப்பாட்டோடு பத்தரை மணி நேரம், பெட்ரோல் நூற்றுப் பத்து டாலர். விமானமே மலிவு என்பீர்கள். எனக்கு ஜன்னலில் மாடு தெரிய வேண்டும்.

மெல்பர்னின் மேற்குப் பக்கம் ட்ருகனினாவில் நண்பனின் பக்கத்து வீட்டில் மகளோடு இருப்பவர் ரங்கா அங்கிள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர். விடுதலைக்குப் பிறகு போராடிய கட்சியிலேயே நின்று கவுன்சிலர் ஆனார். தன் வார்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எதிர்க்கட்சிக்கு மாறினார். அங்கே ஒருமுறை ஜெயித்தார், அடுத்த முறை மண்ணைக் கவ்வினார். அவர் மாறிய அன்றே, சிறையில் ஒரே அறையில் கிடந்த சிநேகிதர் தவா அங்கிள் பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த தவா அங்கிள் அப்போது மெல்பர்னின் வடக்கே கிரெய்கிபர்னில், மகன் வீட்டில் இருந்தார். மறுநாள் டர்பனுக்குத் திரும்புகிறார். இருவருக்கும் எண்பதை நெருங்கும் வயது. இனி எங்கே பார்ப்பது? மனசு கேட்கவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன் அங்கிள்" என்றேன்.

ரிங் ரோடு வழியாக நாற்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் தேர்தல் கதை சொல்லிக்கொண்டே வந்தார். பதற்றத்தில் வெறும் சட்டையோடு வந்திருந்தார். இங்கே ஜூலை குளிர்காலம்; இறங்கியதும் குளிர் எலும்பைத் தொட்டது. என் ஜாக்கெட்டை நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. அது ப்ளூ."

எனக்குப் புரியவில்லை.

"நான் மாறின பார்ட்டி கலர். அதைப் போட்டுட்டு அவன் வாசல்ல நிக்கமாட்டேன்."

பல் கிடுகிடுக்க அவரே மணியை அழுத்தினார். தவா அங்கிள்தான் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"டே ரங்கா, ஜாக்கெட் இல்லையா உனக்கு?"

"இருக்கு. ப்ளூ."

தவா அங்கிள் என் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பிடுங்கி, அவருக்கு மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார்.

"உனக்கு வோட் போடமாட்டேன். உள்ள வா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதுபோல் போகிறவர்களுக்கு: ஜூலையில் தடித்த ஜாக்கெட் இரண்டு வையுங்கள். கிரெய்கிபர்னிலிருந்து விமான நிலையம் இருபது நிமிடம்தான், ஆனால் பழைய அரசியல்வாதிகளை ஏற்றினால் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். மறுநாள் விமான நிலையத்துக்கு இருவரும் பின் சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். உள்ளே போகும் இடத்தில், "நீ செஞ்சது இன்னும் தப்புதான்" என்றார் தவா அங்கிள். பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.