கரகரப்புக்கு ஆளுக்கொரு வாக்கியம்

மாலை ஐந்து பத்து. பள்ளி வேன் எங்கள் கோச்சடைத் தெருமுனையில் வந்து நிற்கிற நேரம். அன்று வரவில்லை. வாரம் முழுக்க நல்ல மழை. வேன் கொஞ்சம் தாமதமானாலே ஓட்டுகிறவருக்குப் போன் போட்டு நச்சரிக்கிறவள் நான். போட்டேன். எடுத்தது என் மகள்.

ஒரு கணம் யாரென்றே தெரியவில்லை. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தின நாள் பள்ளியில் கோ-கோ போட்டி. தன் பத்தாம் வகுப்பு அணிக்காகக் கத்தித் தீர்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேரல் ஆராதனை. அதில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். அதனால் காலையில் மிளகுப் பாலைக் குடிக்கவைத்து, "இன்னைக்குப் பூரா வாயத் தெறக்கக் கூடாது. மிஸ் கேட்டாலும் சைகைதான்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தேன்.

"அம்மா, கத்தாம கேளு" என்றாள். சரளைக்கல்லில் சக்கரம் உரசுகிற மாதிரி இருந்தது குரல். "ரயில்வே பாலத்துக்குக் கீழ தண்ணி. அதான் கண்மாய்க்கரை வழியா வந்தோம். கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுது. தரைப்பாலத்துல வண்டி ஆஃப் ஆயிருச்சு. டிரைவர் அண்ணே டிராக்டர் கூப்பிடப் போயிருக்காரு. போன எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு."

"எறங்கி வந்திர வேண்டியதுதானடீ!"

"தண்ணி இழுக்குதும்மா. எல்லாம் சின்னப் பிள்ளைக."

வேனில் அவள்தான் மூத்தவள். மற்றதெல்லாம் எல்.கே.ஜி.யும் ஒன்றாவதும் இரண்டாவதும். இடத்தை விவரமாகக் கேட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரிடம் சொன்னேன். அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, மழைக்கோட்டுகூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கட் பண்ணிராதம்மா. மடியிலயே வச்சிருக்கேன். ஆனா நீ பேசாத. நீ அழுதா இதுகளும் அழும்."

காலையில் நான் அவள் வாயைக் கட்டினேன். சாயங்காலம் அவள் என் வாயைக் கட்டினாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தெருமுனையிலேயே நின்றேன்.

மழையின் இரைச்சல். அதன் ஊடே பிள்ளைகளின் அழுகை. அதற்கும் மேலே அந்தக் குரல்.

"எல்லாரும் இங்க பாருங்க. மிஸ் வெளாட்டு. நான் ஒரு வார்த்த சொல்வேன். அத வச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லணும். வார்த்த என்ன தெரியுமா? கரகரப்பு!"

ஒரு விசும்பல். பிறகு ஒரு பொடிசு சொன்னது: "அக்கா கொரலு கரகரப்பா இருக்கு."

"அதான் ஊருக்கே தெரியுமே. சரி, பாஸ். அடுத்து?"

"தவளைக்குக் கரகரப்பு."

"தவளைக்கு மிளகுப் பால் குடுக்கலாமா?"

"வேணாம், உறைக்கும்!"

"எங்க மிஸ்ஸுக்கு வெள்ளிக்கெழம வந்தா கரகரப்பு வந்துரும்" என்றது இன்னொன்று.

யாரோ சிரித்தது கேட்டது. எனக்கும் அந்த நிலையில் சிரிப்பு முட்டியது. பல வருஷம் இவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வாக்கியம் எழுதவைப்பதற்குள் அடி, அதட்டல், அழுகை என்று வீடே ரெண்டுபடும். இவளோ தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு வந்த நோவையே பாடமாக்கி நடத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவள் சொன்னாள்: "இனிமே வாக்கியம் சொல்றவுகளுக்குப் பரிசு. சீட்டு மேல ஏறி நிக்கலாம். யாரும் திட்ட மாட்டாக. குட்டியில இருந்து வரிசையா ஏறணும். பேக்க வச்சு மிதிச்சு ஏறு, பரவாயில்ல."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "நான்! அக்கா, நான்!" என்று கூச்சல். எனக்கு விளங்கிவிட்டது. வண்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதைச் சொல்லாமலே அவள் அவர்களை மேலே ஏற்றுகிறாள். இன்றைக்கும் மழைச் சத்தம் கேட்டால், 'சீட்டு மேல ஏறி நிக்கலாம்' என்ற அந்த வாக்கியம்தான் முதலில் காதில் விழுகிறது. அவளுக்கும் பயம் இருந்திருக்கும். குரல் நடுங்கியும் இருக்கலாம். அந்தக் கரகரப்பு அதை வெளியே தெரியவிடவில்லை.

ஒரு குழந்தை மட்டும் வாக்கியம் சொல்லாமல் அழுதது. "சரிடா தங்கம், நீ தலைய ஆட்டு, போதும். தலையாட்டுனாலும் வாக்கியம்தான்" என்றாள். 'வாக்கியம்தான்' என்பதில் பாதிதான் வந்தது. மீதி வெறும் காற்று. அதற்குப் பிறகு அவள் குரல் வரவே இல்லை.

"அக்கா, அடுத்த வார்த்த சொல்லுக்கா" என்று பிள்ளைகள் கெஞ்சின. சற்றுக் கழித்து ஒரு வாண்டு, "அக்கா வாயசைக்கிறாக. நான் பாத்துச் சொல்றேன்... 'பாட்டு'! வார்த்த, பாட்டு!" என்று கத்தியது. உடனே மற்றதுகள் வாக்கியம் சொல்ல ஆரம்பித்தன. அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி மறுபடி போட்டேன். போகவே இல்லை. கணவருக்குப் போட்டேன்; எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இஸ்திரி வண்டிக்காரர் தன் தார்ப்பாயின் கீழே வந்து நிற்கச் சொன்னார். காதில் விழுந்தும் நகரத் தோன்றவில்லை. நல்ல இருட்டு கவிந்த பிறகு, தெருக்கோடியில் ஒரு டிராக்டர் திரும்பியது. பின்னாலேயே என் கணவரின் பைக். டிராக்டர் பெட்டிக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள். டிரைவர் ஒவ்வொன்றாக இறக்கிவிட, எங்கெங்கிருந்தோ பெற்றவர்கள் ஓடிவந்து வாரிக்கொண்டார்கள். எல்லாம் இறங்கிய பிறகுதான் என் மகள் இறங்கினாள். இடுப்பு வரை சேறு. ஷூ ஒன்றைக் காணோம்.

நான் கட்டிப்பிடித்து அழுதேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், காதருகே வாயைக் கொண்டுவந்தாள். காற்றாகத்தான் வந்தது.

"கோவிச்சுக்காதம்மா. இன்னைக்குக் கொஞ்சம் பேசிட்டேன்."