வெர்னெல் கண்ணுக்குத் தப்பாத பெயர்

வெர்னெல் டால்பர்ட் முப்பத்தொரு வருடம் மேக்கன் நகரத்து அச்சகம் ஒன்றில் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தியவள். ஒரு மர ரூலர், ஒரு சிவப்புப் பென்சில், எதிரே முடிவில்லாமல் பெயர்கள். மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும் வேலை அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எந்தத் தெருவில் எந்தக் குடும்பம், எந்த வாட்கின்ஸுக்கு எந்த வாட்கின்ஸ் உறவு என்பதெல்லாம் தலைகீழாகச் சொல்லுவாள். டைரக்டரிக்கு ஆளில்லாமல் போய் அச்சகத்தை மூடியபோது ரூலரைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். கேட்பதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை.

அந்த ரூலருக்கு அச்சகம் மூடுவதற்கு முன்பே இன்னொரு வேலை கிடைத்திருந்தது. அவள் தம்பி வென்டல் ஒருமுறை ஓட்டுப் போடப் போனான். உன் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருடம் ஓட்டுப் போடாதவர்களுக்குக் கவுண்டி என்கிற மாவட்டத்தின் அலுவலகம் ஒரு தபால் அட்டை அனுப்பும். பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிடும். அட்டை ஏதோ சோபாக் கடை விளம்பரம் மாதிரி இருந்ததால் வென்டல் அதைக் குப்பையில் போட்டிருந்தான். மறுநாள் காலையிலேயே வெர்னெல் கவுண்டி அலுவலகத்துக்குப் போய், அடிக்கப்போகிற பெயர்களின் பட்டியல் வேண்டும் என்று நின்றாள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கொடுத்தார்கள்.

அதிலிருந்து இருபத்திரண்டு வருடம். பட்டியல் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் விரிப்பாள். ரூலர் வரிவரியாக இறங்கும். அவள் போகிற தேவாலயமான மவுண்ட் நெபோ சபையைச் சேர்ந்தவர், சபையாரின் மச்சான், மச்சானின் அண்டைவீட்டார் என்று தெரிந்த பெயர் எது வந்தாலும் சிவப்புக் கோடு. பிறகு டெலிபோன். எடுக்காதவர் வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்டுவாள். நாற்பது நாள் கெடு. அதற்குள் அட்டையை நிரப்ப வைத்துவிடுவாள். இதுவரை ஒரு பெயரை விட்டதில்லை. 'கண்ணுன்னா சிஸ்டர் வெர்னெல் கண்ணு' என்று சபையில் ஒரு பேச்சே உண்டு. கணவன் போய்ச் சேர்ந்து, பிள்ளை இல்லாமல் இருந்தவளுக்கு அந்தப் பேச்சுதான் சொத்து.

ஏழு வருடம் முன்பு ரோசெட்டா பிங்னி வந்து சேர்ந்தாள். டெட்ராய்ட்டில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, பிறந்த மண்ணுக்குத் திரும்பியவள். உயரம், அதற்கேற்ற தொப்பி, தொப்பிக்கேற்ற குரல். வந்த மூன்றாவது ஞாயிறே பாடகர் குழுவில் முன்வரிசை. தேர்தல் வந்தால் சபையின் வேனை எடுத்துக்கொண்டு, முன்கூட்டி ஓட்டுப் போடுகிற நாட்களிலிருந்து கடைசி நாள் சாயங்காலம் வரை முடியாதவர்களை ஏற்றி இறக்குவாள். வேனுக்குள் பாட்டு, சிரிப்பு, வறுத்த கோழி. வெர்னெலின் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. ரோசெட்டாவின் வேலைக்கு ஹாரன் உண்டு. வெர்னெலின் வேலை காட்டில் எறித்த நிலா என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் அந்த வசந்தம் வரை வெர்னெல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அப்போது வாஷிங்டனிலிருந்து ஒரு பெண் வந்தாள். இப்படிப் பெயர் அடிப்பது சரியே என்று மாநிலத்துக்காகக் கோர்ட்டில் வாதாடிய வக்கீலை, சாகும்வரை எழுந்திருக்கத் தேவையில்லாத நீதிபதி நாற்காலியில் உட்காரவைக்கப் பெயர் முன்மொழிந்திருந்தார்கள். அதை எதிர்த்த உரிமை அமைப்பு ஒன்றின் ஆள் அவள். அந்த நியமனத்தை விசாரிக்கிற செனட் குழு முன்னால் சாட்சி சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். ஒருவர்தான்.

வெர்னெல் நாற்பது நிமிடம் பேசினாள். வருடவாரியாக, தெருவாரியாக. அந்தப் பெண் மரியாதையாகத் தலையாட்டினாள், பேனா அசையவில்லை. அடுத்து ரோசெட்டா, தொண்ணூற்றொரு வயது பர்விஸ் தாத்தா ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி ஓட்டுப் போடப் போன கதையைச் சொன்னாள். பெண் கண்ணைத் துடைத்தாள். பேனா பறந்தது. பர்விஸ் தாத்தாவின் பெயரைப் பட்டியலில் கண்டுபிடித்தது யார், அவர் வீட்டு நாய்க்குப் பயந்து வேலிக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றது யார் என்று ரோசெட்டா சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதுதான் வெர்னெலுக்கு இன்னும் எரிந்தது. சமைத்தவள் அடுப்படியிலேயே நிற்க, பரிமாறியவளுக்குப் பாராட்டு.

ரோசெட்டாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். புதன்கிழமை சாட்சி. அதற்கு முந்தைய வாரம்தான் அந்த வருடத்துப் பட்டியல் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ரூலர் 'பி' எழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பிங்னி. பிங்னி, ரோசெட்டா எம். வெர்னெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். அதே வீட்டு எண், அதே தெரு. ஊரையே ஓட்டுப் போட ஏற்றிப்போனவள் வருடக்கணக்காகத் தன் ஓட்டைப் போடவில்லை.

முதலில் வந்தது சிரிப்புதான். ஊருக்குத்தான் உபதேசம் என்று வாய்விட்டே சொன்னாள், ஆளில்லாத வீட்டில். சிவப்புப் பென்சிலை எடுத்தாள், வைத்தாள். டெலிபோன் பக்கம் போனாள், திரும்பி வந்து தேநீர் போட்டாள். நாற்பது நாள் இருக்கிறதே, போய்விட்டு வரட்டும், வந்ததும் சொன்னால் பெயர் பிழைத்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னாள். எதிர்த்தரப்பு செனட்டர்களிடமும் சம்பளத்துக்குப் பட்டியல் படிக்கிறவர்கள் இருப்பார்களே என்ற நினைப்பும் வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரோசெட்டாவுக்கு வழியனுப்பு விருந்து. கீரை, மக்காச்சோள ரொட்டி, கெளுத்தி மீன் வறுவல். வெர்னெலும் பவுண்டு கேக் செய்து கொண்டுபோயிருந்தாள். வெண்ணெய் தாராளம், மனசு மட்டும் கஞ்சம். பாஸ்டர் லாக்கெட் ஜெபம் பண்ணும்போது எல்லோரும் ரோசெட்டாவின் தோளில் கை வைத்தார்கள். வெர்னெலும் வைத்தாள், புதுக் கோட்டின் துணி விரலுக்கு வழவழவென்று இருந்தது. அப்படி ஒரு கோட்டைத் தான் போட்டு மைக் முன்னால் உட்கார்ந்திருப்பதை அவள் இரண்டு மாதமாகக் கண்ணை மூடினால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசெட்டா கேக் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர் வெர்னெல், லிஸ்ட் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா? அங்க கேட்டா சொல்லணும்ல."

"இன்னும் முடிக்கல."

"நீங்களா? வந்து அஞ்சு நாளாச்சே."

"எழுத்து பொடிசா இருக்கு" என்றாள் வெர்னெல்.

ரோசெட்டா அதை நம்பினாள். எனக்குப் பேசத்தான் தெரியும் சிஸ்டர், வேலையெல்லாம் உங்களோடது, பயமா இருக்கு, எனக்காக ஜெபம் பண்ணுங்க என்றாள். சொல்லும்போதே கேக் துணுக்கு மடியில் விழுந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வெர்னெலுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் யாரோ ரோசெட்டாவைப் பாடச் சொல்லிக் கூப்பிட, அவள் எழுந்து போனாள். கூடம் முழுக்கக் கைதட்டியது. வந்த சொல்லை வெர்னெல் கேக்கோடு விழுங்கிவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு சபைக் கூடத்தில் பெரிய டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். பர்விஸ் தாத்தாவுக்கு முன்வரிசை. வெர்னெலுக்கும் முன்வரிசைதான், கண்ணுக்கு மரியாதை. ரோசெட்டா நீலக் கோட்டில் நன்றாகவே பேசினாள். பர்விஸ் தாத்தா தன் பெயர் வந்ததும் உருளையைத் தட்டிக்காட்டினார். பிறகு வக்கீலை ஆதரிக்கிற செனட்டர் ஒருவர் ஒரு தாளை எடுத்தார்.

அம்மா, உங்கள் கவுண்டியின் பட்டியல் இது, இதில் உங்கள் பெயரே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். வருடக்கணக்காக நீங்களே ஓட்டுப் போடவில்லை; அக்கறை இல்லாதவர்களின் பெயரைத்தானே அடிக்கிறார்கள், அதைச் சரி என்ற வக்கீலைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது என்று புன்சிரிப்போடு கேட்டார்.

டிவியில் ரோசெட்டாவின் முகம் பெரிதாக வந்தது. கூடத்தில் கைவிசிறிகள் நின்றன. வெர்னெல் இரண்டு மாதம் ஆசைப்பட்டது இந்த முகத்தைப் பார்க்கத்தானா? இதோ பார்த்தாயிற்று. இனிக்கவில்லை.

"தெரியாது ஐயா" என்றாள் ரோசெட்டா. குரல் முதலில் சிறுத்துப்போய்த்தான் வந்தது. "ஓட்டுப் போடலைங்கிறது நெசம். ஒவ்வொரு தடவையும் கடைசியா நம்மளுத போட்டுக்கலாம்னு நெனப்பேன். கடைசி நேரத்துல யாராவது ஒருத்தர் போன் பண்ணுவாங்க, கூட்டிட்டுப் போக ஆளில்லன்னு. அவங்களக் கொண்டுவிட்டுட்டு வர்றதுக்குள்ள என் பூத்துல கதவச் சாத்திருவாங்க. வெக்கத்துல யார்ட்டயும் சொல்லல. அது என் தப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க சபையில ஒரு அம்மா இருக்காங்க, வெர்னெல் டால்பர்ட்னு. இருவத்திரெண்டு வருஷமா இந்த லிஸ்ட்ட ரூலர் வச்சுப் படிக்கிறாங்க. ஒரு பேர விட்டதில்ல. என் பேரப் பாத்திருந்தா, போட்ட செருப்போட என் வீட்டுக்கு ஓடி வந்திருப்பாங்க. அவங்க கண்ணுக்கே தப்புதுன்னா, வேலைக்குப் போயிட்டு வந்து தபால் பாக்குற ஜனம் என்ன ஐயா பண்ணும்?"

செனட்டர் தாளைக் கீழே வைத்தார். கூடம் ஆரவாரித்தது. யாரோ ஆமென் என்றார்கள். வாஷிங்டனில் வெர்னெலின் பெயரைச் சொல்லியாயிற்று. மைக்கில், முழுப் பெயராக. அவள் கேட்டதும் அதைத்தானே.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை, பரிதாபமாக. ஆராதனைக்கு வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைக்கிற, வெள்ளைக் கையுறை போட்ட டோவி சிஸ்டர் வந்து அவள் முழங்கையைத் தடவினாள்.

"மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர். எழுபத்தி நாலு வயசுல யாருக்குக் கண்ணு சரியா இருக்கு? அடுத்த வருஷத்துலேருந்து என் மருமவளும் கூட உக்காந்து பாக்கட்டும்."

தப்பிக்க வழி அகலமாகத் திறந்து கிடந்தது. ஆமாம், பார்வை மங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரோசெட்டாவுக்கும் தெரியப்போவதில்லை. நாளை விமானத்திலிருந்து இறங்கி வந்து அவளும் இதேபோல முழங்கையைத் தடவுவாள். வெர்னெல் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். அதன் அடியில் மடித்த பட்டியல் இருந்தது. எடுத்து டோவி சிஸ்டரின் கையுறைமேல் விரித்தாள். தெரிந்த பெயர்களில் பிங்னி என்ற பெயரின் கீழே மட்டும் சிவப்புக் கோடு இல்லை. பென்சில் முனை வைத்து எடுத்த ஒரு புள்ளி இருந்தது.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு டோவி" என்றாள். "நான் வியாழக்கெழமையே பாத்துட்டேன்."