பசி என்று நினைத்தோம்

அரிமளம் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் சிறிய குட்டை வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தேன். குவைத்தில் இருக்கும் என் கணவர், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோ காலில் மீன்களைக் காட்டச் சொல்வார்.

கார்த்திகையில் நாலு நாளாக வானம் மூடியே கிடந்தது. ஒரு நாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போனில் காட்டினேன்.

“பாவம், பசிக்குது போல. இன்னும் ரெண்டு கை போடு” என்றார்.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் அள்ளிப் போட்டேன். மீன்கள் தொடவில்லை. மறுநாளும் வாயைத் திறந்தன, அன்றும் போட்டேன். அதற்கடுத்த நாள் எல்லாம் செத்து மிதந்தன.

மீன் வளர்க்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.

“அது பசியில்லங்க, மூச்சுத் திணறல். வெயில் இல்லாம தண்ணியில பிராணவாயு கொறஞ்சு போச்சு. தின்னாத தீவனம் அடியில அழுகித் தண்ணியக் கெடுத்துருச்சு.”

எனக்கு அழுகை வரவில்லை. கூடையில் அள்ளி, தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டுச் சோறு வடித்தேன்.

இப்போது புதுக் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். தீவனத்தைத் தட்டில் வைத்து இறக்குகிறேன். மிச்சமிருந்தால் அன்று மேற்கொண்டு போடுவதில்லை. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், மோட்டாரைப் போட்டுப் புதுத்தண்ணீர் பாய்ச்சுகிறேன்.

கணவர் இன்னும் தினமும் காலையில் கூப்பிடுகிறார். மீன்கள் செத்ததைச் சொன்ன நாளிலிருந்து குட்டையைக் காட்டச் சொல்வதில்லை.