காது இருந்தா போகாது

டிவியின் முன்பக்கத்தைத் துடைப்பது அவர் வேலை, பின்பக்கத்தைத் துடைப்பது அவள் வேலை. கண்ணாடியில் கோடு விழாமல் துடைக்க உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் எண்ணம். ஒட்டடையும் வயர்ச் சிக்கலும் கல்யாணமான நாளிலிருந்தே அவள் பங்குக்கு வந்துவிட்டன. அன்றைக்கும் ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு டிவிக்குப் பின்னால் கையை விட்டாள். விரல் எதிலோ தடுக்கியது.

எட்டிப் பார்த்தாள். டிவியின் ஓரத்தில் ஒரு அரிசி படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு துளை. அதில் ஒரு இரும்புத் தலை செருகியிருந்தது. அதிலிருந்து வழவழப்பான கறுப்புக் கம்பி ஒன்று இறங்கி மேசைக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னங்க, டிவியில ஏன் ஓட்டை போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? வாங்கும்போதே இருந்துச்சு. கம்பெனிக்காரன் வெச்ச காது அது."

"இத்தனை வருஷமாத் துடைக்கிறேன், என் கண்ணுல பட்டதே இல்லையே."

"துடைக்கிறவங்க எல்லாம் பாக்கறாங்களா என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் டீயை உறிஞ்சினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சம்பாதித்த காலம் முழுக்க ஒரு பெரிய மின்சாமான் கடையில்தான் இருந்தார். விற்பவர்கள் வேறு ஆட்கள். பார்வைக்கு வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும், அது மட்டும்தான் இவர் பொறுப்பு. லேப்டாப், மானிட்டர், ஸ்பீக்கர் என்று எதை எடுத்தாலும் ஒரு மூலையில் அந்தத் துளை இருக்கும். பூட்டின் தலையை அதில் நுழைத்துச் சாவியைத் திருப்பினால் உள்ளே குறுக்கே திரும்பிப் பிடித்துக்கொள்ளும். ஊசிக்குக் காது இருப்பதுபோல இதுவும் காது என்று கடைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இவருக்குக் 'காதுகுத்தி' என்று பெயர் வந்தது. தாமதமாகப் போய்ச் சாக்கு சொன்னால் மேனேஜர் சிரிப்பார்: "ஏய்யா, காலையிலேருந்து மெஷினுக்கெல்லாம் குத்தின காது பத்தலையா? எனக்கும் குத்தணுமா?"

அவரும் சொந்தமாக ஒரு பழமொழி செய்து வைத்திருந்தார். "காது இருந்தா போகாது." போ, காது என்று பிரித்துச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். மகள் பிறப்பதற்கு முன்னாலேயே அவள் அந்த நகைச்சுவைக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு மெல்லிசு மாடல்கள் வந்தன. அவற்றின் விளிம்பில் காது வைக்க இடமில்லை. "இதை எங்கய்யா கட்டுறது?" என்று கேட்டவருக்கு, கட்டவே வேண்டாம், அலாரம் ஒட்டினால் போதும் என்று கம்பெனி ஆள் பதில் சொன்னான். ஒட்டினார். கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானம், பக்கத்து மெஷினை நேராக வைக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது மேசையில் அலாரம் மட்டும் இருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். அதன்பின் கடையில் பேசும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருளின்மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். கொஞ்ச நாளில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பழைய பூட்டுகளைக் கேட்டாராம். ஒரு பை நிறைய வந்தன. பரண்மேல் போட்டுவிட்டு மறந்துபோனார்.

மகள் போன் செய்த பிறகுதான் பை கீழே இறங்கியது.

மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். "அம்மா, நீ வந்து கூட இருந்தா தேவலைம்மா" என்றாள். இவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டு வா. நான் என்ன சின்னக் குழந்தையா? சோறு வெக்கத் தெரியாதா?" என்று உடனே சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். டிக்கெட்டையும் அவரேதான் எடுத்தார். மறுநாள் டிவியில் பூட்டு இருந்தது.

அடுத்து மகளின் பழைய லேப்டாப், அதற்கடுத்து ஸ்பீக்கர், மானிட்டர். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் காது இருந்தது. அட, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் வியப்பாகக்கூட இருந்தது. மனுஷனுக்குப் பொழுது போகவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மிக்ஸியில் கம்பியைப் பார்த்தபோதுதான் கை நின்றது. மிக்ஸியை அவள் தினமும் இரண்டு வேளை கழுவித் துடைக்கிறாள். அதன் உடம்பில் எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று சொல்வாள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, அரிசி படுக்கும் அளவுக்கு அதே துளை. ஓரம் பிசிறில்லாமல், வார்க்கும்போதே வந்ததுபோல இருந்தது.

"இதுல இது இல்லைங்க."

"இருந்துச்சு."

"நான் கழுவுற சாமான் எனக்குத் தெரியாதா?"

"டிவியையும்தான் துடைச்ச" என்றார் அவர்.

அவள் மிக்ஸியைத் திருப்பி, துளை சுவரைப் பார்க்கும்படி வைத்தாள்.

அதன்பின் இஸ்திரிப்பெட்டி. சுவர்க்கடிகாரம். வீட்டில் துளைபோடும் கருவி எதுவும் கிடையாது. ஒரு ஆணி அடிக்கக்கூட மாடிவீட்டுத் தையல்காரியிடம்தான் சுத்தியல் கடன் வாங்குவார்கள். துளைத்த பொடி எங்காவது விழுந்திருக்கிறதா என்று பெருக்கும்போது தேடினாள். வழக்கமான தூசிதான் வந்தது.

தைத்த துணியைக் கொடுக்க வந்த தையல்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, வீடு முழுக்கக் கட்டி வெச்சிருக்கீங்க? காத்தடிச்சா பறந்துடுமா?"

"அவருக்குப் பொழுது போகலை."

"இத்தனை ஓட்டையையும் அவரா போட்டாரு?"

"எல்லாம் முன்னாடியே இருந்துச்சாம்."

"அக்கா, எனக்கே காது குத்துறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே தையல்காரி நிலைக்கண்ணாடியின் பக்கம் போனாள். கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அது இல்லை. தையல்காரி குனிந்து, சுண்டுவிரல் நுனியால் துளையைத் தடவினாள். சிரிப்பு போய்விட்டது.

"கண்ணாடியில ஓட்டை போட்டா விரிசல் விடும்லக்கா?"

"விடும்."

"இதுல விடலையே."

டீ போடட்டுமா என்று கேட்பதற்குள் தையல்காரி மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை படிக்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, என் தையல் மெஷின்லயும் ஒண்ணு இருக்கு. முன்னாடியே இருந்திருக்குமோ?"

அன்று மத்தியானம் கண்ணயர்ந்தவள், யாரோ மூச்சு விடுவது பக்கத்தில் கேட்டு விழித்தாள். அவர் கட்டிலோரம் குனிந்திருந்தார். அவருடைய கட்டைவிரல் அவள் காதுமடலின்மேல் இருந்தது. அத்தனை மெதுவாக அவர் அவளைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. உன் காது தூந்துபோச்சே."

"புண்ணாகுதுன்னு கம்மலைக் கழட்டிப் போட்டேன்ல. பொண்ணு பள்ளிக்கூடம் போறப்பவே தூந்துபோச்சு. இப்பதான் பாக்கறீங்களா?"

"ஆமா" என்றார். "இப்பதான் பாக்கறேன்." எழுந்து ஹாலுக்குப் போய்விட்டார். அவளுக்கு அதற்குமேல் தூக்கம் பிடிக்கவில்லை. கம்மல் வாங்கித்தர நினைக்கிறாரோ என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. பெட்டியின் கைப்பிடி, சக்கரம், ஜிப் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். எதிலும் கம்பி இல்லை. செருப்பைப் பார்த்தாள். கைப்பையைப் பார்த்தாள். தன்னை நினைத்து ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினாள்.

முடியை ஒதுக்கியபோது வலது காதில் வெளிச்சம் தெரிந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தாள். தூர்ந்துபோன இடத்தில் துளை இருந்தது. கம்மல் போட்ட காலத்தில் இருந்த வட்டத் துளை இல்லை இது. நீளவாக்கில், பிசிறில்லாமல் இருந்தது. அழுத்திப் பார்த்தாள், வலிக்கவில்லை. தலையணை உறையைப் போய்ப் பார்த்தாள், ஒரு சொட்டு ரத்தமில்லை. மறு காது பழையபடி மூடிக்கிடந்தது.

அவரிடம் கேட்கலாம். என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டு, அதையும் நம்பிவிடுவோமோ என்பதுதான் பயம்.

"ஆட்டோ வந்துடும். பெட்டியை எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து, அவள் எடுத்துவைத்த சட்டையைப் போட்டிருந்தார். மடியில் சுருள் பிரிக்காத பூட்டு ஒன்று. பையில் கடைசியாக மிஞ்சியது. அதன் கம்பி மற்றவற்றைவிட மெல்லிசு. உள்ளங்கையில் சின்னச் சாவி. சாவியை அவளிடம் நீட்டினார்.

"எல்லாத்துக்கும் இந்த ஒரே சாவிதான். நீயே வெச்சுக்க. எனக்கு எதுக்கு?"

வாங்கிக்கொண்டாள். அவர் கை சூடாக இருந்தது. ஃப்ரிட்ஜில் குழம்பு இருப்பதையும், மாத்திரையை மறக்கக்கூடாது என்பதையும் சொன்னாள். சரி, சரி என்று தலையாட்டினார். தெருவில் ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

"போனா திரும்ப வருவேல்ல?"

அவள் பெட்டியைத் தூக்கினாள். அது லேசாகத்தான் இருந்தது.

"இந்தா, உன்னைத்தான். நான் கேக்கறது காதுல விழுதா?"

முடியை இழுத்து வலது காதின்மேல் விட்டுக்கொண்டு அவள் அறையை விட்டு வெளியே போனாள்.